நாற்பதை நெருங்கும் குத்துச்சண்டை வீரருக்கு உலகப் பட்டப் போட்டி ஏன் தரப்படுகிறது?

கேள்வி மூன்று பகுதிகளாக இருக்கிறது. பல தோல்விகளைச் சந்தித்த, வயது கடந்துவிட்டதாகக் கருதப்படும் ஒரு வீரருக்குத் திடீரென்று உலகப் பட்டத்துக்கான போட்டி எப்படிக் கிடைக்கிறது. அது உண்மையான வாய்ப்பா, சாம்பியனுக்குக் கொடுக்கப்படும் பலியா. அந்த வயதில் ஒருவரை ரிங்குக்குள் அனுப்புவது முறையா. இவற்றுக்குப் பொதுவாகப் பதில் சொல்வதைவிட, மூன்றும் ஒரே மனிதரின் வாழ்க்கையில் வந்து நின்ற அமெரிக்கக் குத்துச்சண்டை வீரர் ஜெர்சி ஜோ வால்காட்டை முன்வைத்துச் சொல்வது பயனுள்ளது என்று நினைக்கிறேன். 1947ஆம் ஆண்டு டிசம்பர் 5 அன்று நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் அப்போதைய உலகச் சாம்பியன் ஜோ லூயிஸை எதிர்த்து அவர் ஆடிய போட்டியை விடப் பொருத்தமான உதாரணம் ஹெவிவெயிட் என்ற அதிக எடைப் பிரிவின் வரலாற்றில் எனக்குத் தெரிந்து இல்லை.

முதலில் நடைமுறை. இன்றைய நிலையில் உலகப் பட்டம் வைத்திருப்பவர் இரண்டு வகைப் போட்டிகளில் அதைத் தக்கவைத்துக்கொள்ள வேண்டும். ஒன்று, தரவரிசையில் முன்னணியில் இருப்பவரோடு குறித்த காலத்துக்குள் கட்டாயமாக மோத வேண்டிய போட்டி. மற்றது, சாம்பியன் தரப்பே எதிராளியைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளும் போட்டி. டபிள்யூபிஏ, டபிள்யூபிசி, ஐபிஎஃப், டபிள்யூபிஓ ஆகிய, உலகப் பட்டம் வழங்கும் நான்கு பெரிய அமைப்புகளும் பொதுவாகத் தங்கள் பட்டியலின் முதல் 15 இடங்களுக்குள் இருப்பவர்களை இதற்கு அனுமதிக்கின்றன. மூத்த வீரர்களுக்குக் கதவு திறப்பது பெரும்பாலும் இந்த இரண்டாவது வழியில்தான். சாம்பியனின் மேனேஜரும் போட்டியை நடத்துபவரும் உட்கார்ந்து பேசும்போது அவர்கள் தேடும் எதிராளிக்குச் சில தகுதிகள் உண்டு: சீட்டு விற்கும் அளவுக்குப் பெயர் தெரிந்தவராக இருக்க வேண்டும், பத்திரிகைக்காரர்கள் எழுதுவதற்கு ஒரு கதை வைத்திருக்க வேண்டும், கொடுக்கும் தொகையை மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொள்ளும் நிலையில் இருக்க வேண்டும், எல்லாவற்றுக்கும் மேலாகச் சாம்பியனை வீழ்த்தக்கூடியவர் என்ற சந்தேகம் யாருக்கும் வரக் கூடாது. முப்பத்தைந்தைத் தாண்டிய, பட்டியலில் பத்துப் பன்னிரண்டு தோல்விகள் உள்ள ஒருவரிடம் இவை அனைத்தும் தாமாகவே அமைந்துவிடுகின்றன.

ஆகவே நேர்ப்பதில் இதுதான்: அந்த வாய்ப்பு பெரும்பாலும் அவர் தோற்பார் என்ற கணக்கில் தரப்படுகிறது. அந்தக் கணக்கு எப்போதாவது பொய்க்கும்போது, அதைப் போட்டவர்கள் எதைப் படித்தார்கள், எதைப் படிக்காமல் விட்டார்கள் என்பது தெரியவரும். அவர்கள் படித்தது தோல்விகளின் எண்ணிக்கை. அந்தத் தோல்விகள் என்ன நிலையில் ஏற்பட்டன என்பதைப் படிக்காமல் விட்டார்கள். வால்காட்டின் வரலாற்றில் இது வேறெவரையும் விடத் துல்லியமாகத் தெரிகிறது.

அவருடைய இயற்பெயர் ஆர்னால்ட் ரேமண்ட் கிரீம். 1914ஆம் ஆண்டு ஜனவரி 31 அன்று நியூஜெர்சி மாநிலத்தில் பிறந்தார். தந்தை பார்படோஸ் தீவிலிருந்து வந்தவர்; அந்தத் தீவின் பெயரால் அறியப்பட்ட, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெல்டர்வெயிட் என்ற எடைப் பிரிவில் சாம்பியனாக இருந்த ஜோ வால்காட்டின் பெயரையே மகன் ரிங்குக்காக எடுத்துக்கொண்டார். சிறு வயதிலேயே தந்தையை இழந்து வேலைக்குப் போனார். 1930இல், பதினாறு வயதில், தொழில்முறைக் குத்துச்சண்டைக்குள் நுழைந்தார். ஆண்டைக் கவனியுங்கள். அமெரிக்கப் பொருளாதாரம் சரிந்துகொண்டிருந்த காலம் அது. பிலடெல்பியாவுக்கு எதிர்க்கரையில், டெலவேர் ஆற்றின் இக்கரையில் உள்ள கேம்டன் நகரில் ஒரு கறுப்பின இளைஞருக்குக் குத்துச்சண்டை முழுநேர வருமானம் தரவில்லை. கட்டட வேலை, ஐஸ் சுமப்பது, நிலக்கரி சுமப்பது, கப்பல் கட்டும் தளத்தில் கூலி என்று கிடைத்ததையெல்லாம் செய்தார். மணம் முடிந்து பிள்ளைகள் பிறந்தன; ஆறு பிள்ளைகள். அரசின் நிவாரண உதவியிலும் அந்தக் குடும்பம் இருந்திருக்கிறது.

இந்தச் சூழலில் ஒரு வீரர் எப்படிப் போட்டிக்குத் தயாராவார் என்று யோசித்துப் பார்க்க வேண்டும். நாள் முழுவதும் மூட்டை தூக்கியவர் மாலையில் பயிற்சிக்கூடத்துக்குப் போக முடியாது. போனாலும் சத்தான சாப்பாடு இல்லாமல் ஆறு சுற்றுக்கு மேல் உடம்பு தாங்காது. போட்டிக்கான அழைப்பும் பெரும்பாலும் கடைசி நேரத்தில்தான் வரும். வேறொருவர் வராமல் போனதால், கூலிக்கு ஆள் பிடிப்பதுபோல அழைப்பார்கள். குடும்பத்துக்கு அந்த வாரச் செலவு கிடைக்கிறதே என்று இவரும் போவார். அல் எட்டோரிடமும் டைகர் ஜாக் ஃபாக்ஸிடமும் அவர் தோற்றது இந்த ஆண்டுகளில்தான். 1940 பிப்ரவரியில் நூறு கிலோவுக்கு மேல் எடை கொண்ட ஏப் சைமன் அவரை ஆறாவது சுற்றில் நாக் அவுட் செய்தபோது, வால்காட்டின் கதை முடிந்தது என்றே எல்லோரும் நினைத்தார்கள். அதன் பிறகு ஏறக்குறைய நான்கு ஆண்டுகள் அவர் ரிங் பக்கமே பெரிதாக வரவில்லை.

பணம் இல்லாததோடு வேறொரு தடையும் இருந்தது. 1915இல் முதல் கறுப்பின ஹெவிவெயிட் சாம்பியன் ஜாக் ஜான்சன் பட்டத்தை இழந்த பிறகு, 1937இல் லூயிஸ் அப்போதைய சாம்பியன் ஜேம்ஸ் பிராடாக்கை எதிர்த்து ரிங்கில் ஏறும் வரை, எந்தக் கறுப்பின வீரருக்கும் ஹெவிவெயிட் பட்டத்துக்கு மோதும் வாய்ப்பு தரப்படவில்லை. லூயிஸே சாம்பியனான பின்பும் நிலைமை பெரிதாக மாறவில்லை என்பதைப் பலர் கவனிப்பதில்லை. அவர் பட்டத்தைத் தக்கவைத்துக்கொண்ட 25 போட்டிகளில் கறுப்பின எதிராளிகள் இருவர்தாம்: 1939இல் ஜான் ஹென்றி லூயிஸ், பிறகு இரண்டு முறை வால்காட். இரண்டு கறுப்பினத்தவர் மோதினால் வெள்ளையர்கள் சீட்டு வாங்க மாட்டார்கள் என்பது போட்டி நடத்துபவர்களின் எண்ணமாக இருந்தது. அதனால் திறமை இருந்த பல கறுப்பின ஹெவிவெயிட்டுகள் ஒருவரோடு ஒருவரே, சிறிய அரங்குகளில், திரும்பத் திரும்ப மோதித் தேய்ந்தார்கள். வால்காட்டின் தோல்விப் பட்டியலில் உள்ள பெயர்களில் சில, அந்தக் காலத்தின் எந்தச் சாம்பியனுக்கும் தலைவலி கொடுத்திருக்கக்கூடியவர்களின் பெயர்கள்.

லூயிஸோடு வால்காட்டுக்கு முன்பே ஒரு தொடர்பு உண்டு. பிலடெல்பியாவில் வால்காட்டுக்குப் பயிற்சியளித்த ஜாக் பிளாக்பர்ன் சிகாகோவுக்குப் போய் உருவாக்கிய வீரர்தான் லூயிஸ். வால்காட்டும் கூடவே போக வேண்டியவர். டைஃபாய்டு காய்ச்சல் தடுத்துவிட்டது என்று சொல்லப்படுகிறது. 1936இல் மேக்ஸ் ஷ்மெலிங்கோடு மோதுவதற்கு லூயிஸ் நியூஜெர்சியின் லேக்வுட்டில் முகாமிட்டிருந்தபோது வால்காட் அங்கே ஸ்பாரிங் என்ற பயிற்சி மோதலுக்குக் கூலிக்குப் போனார். ஒரு குத்தில் லூயிஸைக் கீழே விழவைத்ததாகவும், அன்றே கணக்கை முடித்து அனுப்பிவிட்டதாகவும் வால்காட் தரப்பு பின்னாளில் சொன்னது. இது எவ்வளவு உண்மை என்பதைவிட, பதினோரு ஆண்டுகள் கழித்து நடந்ததைப் பார்க்கும்போது நம்ப முடியாத கதையாக இல்லை என்று மட்டும் சொல்லலாம்.

திருப்பம் 1945இல் வந்தது. கேம்டனைச் சேர்ந்த ஃபீலிக்ஸ் பொச்சிக்கியோ என்ற மேனேஜர், சூதாட்ட வட்டாரங்களில் பெயர் அடிபட்டவர், வால்காட்டைத் தேடி வந்தார். மீண்டும் சண்டைக்கு வரும்படி கேட்டபோது, வீட்டில் அடுப்புக்குக் கரி இல்லாமல் எப்படிப் பயிற்சி செய்வது என்று வால்காட் திருப்பிக் கேட்டார் என்றும், பொச்சிக்கியோ முதலில் கரிக்கிடங்கை நிரப்பினார் என்றும் கதை. குத்துச்சண்டை மேனேஜர்களைப் பற்றி நல்லதாகச் சொல்ல எனக்கு அதிகம் இல்லை. இந்த மனிதரும் தர்மவான் அல்லர். ஆனாலும் வால்காட்டின் தொழிலில் அவர் செய்த மிகப் பெரிய மாற்றம் எந்த உத்தியையும் விட அந்தக் கரிதான். குளிர்காலத்தில் வீடு சூடாக இருந்தால் மற்ற கூலி வேலைகளை விட முடியும். வேலையை விட்டால் பயிற்சி. பயிற்சியிருந்தால் பத்துச் சுற்று தாங்கும் மூச்சு.

விளைவு உடனே தெரிந்தது. 1945இல் ஜோ பாக்ஸியை வென்றார். 1946 தொடக்கத்தில், அப்போது எல்லோரும் அஞ்சிய ஜிம்மி பிவின்ஸை அவருடைய ஊரான கிளீவ்லாந்தில் வைத்தே வென்றார். லீ ஓமாவை வென்றார். அதே ஆண்டு ஜோயி மேக்ஸிமிடமும் எல்மர் ரேயிடமும் புள்ளிக் கணக்கில் தோற்றார். 1947இல் அந்த இருவரையுமே திருப்பி வென்றார், மேக்ஸிமை இருமுறை. மேக்ஸிம் பிற்பாடு லைட் ஹெவிவெயிட் உலகச் சாம்பியனானவர் என்பதை நினைவில் கொள்ள வேண்டும். அதாவது 1947 இறுதியில் வால்காட் உலகின் முதல் சில ஹெவிவெயிட்டுகளில் ஒருவர். ஆனால் பத்திரிகைகளுக்கு அவர் இன்னும் நிவாரணப் பணம் வாங்கிய, ஏப் சைமனிடம் விழுந்த கிழவர்தான்.

கிழவர் என்றது ஒரு வேடிக்கை. லூயிஸ் பிறந்தது 1914 மே 13. வால்காட் அவரைவிட மூன்றரை மாதமே மூத்தவர். அன்றிரவு இருவருக்குமே வயது 33. ஒருவர் பத்தாண்டுகளாகச் சாம்பியன், மற்றவர் பழைய ஆள். வால்காட் வயதைக் குறைத்துச் சொல்கிறார் என்ற பேச்சும் ஓயாமல் இருந்தது. வறுமையில் கழிந்த ஆண்டுகள் முகத்தில் தெரிந்ததே அதற்குக் காரணமாக இருந்திருக்கலாம்.

அந்தப் போட்டி உருவான விதம்தான் கேள்வியின் முதல் பகுதிக்கு நேரான விடை. லூயிஸுக்குப் பணம் தேவைப்பட்டது. போர்க்காலத்தில் 1942இல் இரண்டு பட்டப் போட்டிகளின் வருமானத்தைக் கடற்படைக்கும் ராணுவத்துக்குமான நிவாரண நிதிக்குக் கொடுத்தவர், பிறகு வரித்துறைக்குப் பெருந்தொகை கடன்பட்டிருந்தார். 1946இல் பில்லி கான், டாமி மரியெல்லோ இருவரையும் வீழ்த்திய பின் ஓராண்டுக்கு மேலாகப் பட்டப் போட்டி ஏதும் இல்லை. பட்டம் பணயமில்லாத காட்சிப் போட்டிகள் ஆடிப் பணம் சேர்த்துக்கொண்டிருந்தார். வால்காட்டோடு திட்டமிடப்பட்டதும் அப்படியொரு பத்துச் சுற்றுக் காட்சிப் போட்டிதான். நியூயார்க் மாநிலக் குத்துச்சண்டை ஆணையம் இதை ஏற்கவில்லை. அதன் தலைவர் எடி ஈகன் குத்துச்சண்டையில் ஒலிம்பிக் தங்கமும், பனிச்சறுக்கு வண்டிப் போட்டியில் மற்றொரு ஒலிம்பிக் தங்கமும் வென்ற அபூர்வ மனிதர். இத்தனை சுற்றுகள் சாம்பியன் மோதுவதானால் அது பட்டத்துக்கான போட்டியாகவே இருக்க வேண்டும் என்று ஆணையம் சொல்லிவிட்டது. காட்சிப் போட்டி பதினைந்து சுற்றுப் பட்டப் போட்டியானது. வால்காட் எந்த வாசலையும் தட்டவில்லை. ஒரு விதிமுறை அவருக்காக வாசலைத் திறந்தது. பந்தயக்காரர்கள் லூயிஸ் பக்கம் பத்துக்கு ஒன்று என்ற கணக்கில் நின்றார்கள். அந்தப் பந்தயத்தையே எடுக்க மறுத்தவர்களும் உண்டு.

அன்றிரவு 18,000க்கும் மேற்பட்டோர் வந்திருந்தார்கள். லூயிஸ் 211½ பவுண்டு, வால்காட் 194½ பவுண்டு. முதல் சுற்றிலேயே வால்காட்டின் வலது கைக் குத்து லூயிஸைத் தரையில் உட்காரவைத்தது. நான்காவது சுற்றில் மறுபடியும் வலது கை. இந்த முறை லூயிஸ் நடுவர் ஏழு எண்ணும் வரை எழவில்லை.

அந்தக் குத்துகள் எப்படி விழுந்தன என்பதைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும், ஏனென்றால் வால்காட்டின் பாதி வித்தை அவருடைய காலில் இருந்தது. எதிராளியைப் பார்த்தபடி நின்றுகொண்டிருப்பவர், திடீரென்று உடம்பைத் திருப்பி, இரண்டு மூன்று அடி பக்கவாட்டில் சாதாரணமாக நடப்பார். சண்டையை விட்டுவிட்டு மூலைக்குப் போகிறவரைப் போல, கைகள் இடுப்பு வரை இறங்கியிருக்கும். எதிராளி தன்னையறியாமல் அந்த நடையைப் பின்தொடர்வார். பின்தொடர்பவரின் எடை முன்காலில் விழும், முகத்தைக் காக்கும் கை கொஞ்சம் தாழும். அடுத்த அடியை வால்காட் நடைக்காக வைக்க மாட்டார். அந்தக் காலையே ஊன்றித் திரும்பி, வலது கையை வீசுவார். இதே நடையைச் செய்துவிட்டுக் குத்தாமலே விலகிப் போவதும் உண்டு. அடுத்த முறை எது வரும் என்று எதிராளிக்குத் தெரியக் கூடாது. லூயிஸ் எப்போதும் காலை இழுத்தபடி முன்னேறி, எதிராளி நிற்கும் இடத்தில் தன் ஜாபை, அதாவது முன்கையால் நேராக விடும் விரைவுக் குத்தை, பதித்து வெல்பவர். நிற்காத ஆள் மீது அந்த முறை பலிக்கவில்லை. ஒன்பதாம் சுற்றில் மட்டும் கயிற்றோரம் மடக்கி நன்றாக அடித்தார். கடைசிச் சுற்றுகளில், முன்னிலையில் இருக்கிறோம் என்ற நம்பிக்கையில் வால்காட் தரப்பு தற்காப்பை நாடியது. பதினைந்தாவது சுற்றில் அவர் பெரும்பாலும் பின்வாங்கிக்கொண்டே இருந்தார்.

மணி அடித்ததும் லூயிஸ் முடிவை அறிவிக்கும் முன்பே ரிங்கை விட்டு வெளியேறப் பார்த்தார். அவருடைய ஆட்கள் தடுத்து நிறுத்தினார்கள். தோற்றுவிட்டதாக அவரே நினைத்தார் என்பதற்கு இதைப் பலரும் சாட்சியாகக் காட்டுவார்கள். முடிவு வேறாக இருந்தது. ரிங்குக்குள் இருந்த நடுவர் ரூபி கோல்ட்ஸ்டைன் வால்காட்டுக்கு 7 சுற்றும் லூயிஸுக்கு 6 சுற்றும் கொடுத்திருந்தார், 2 சமம். வெளியே அமர்ந்திருந்த இரு நீதிபதிகளில் ஃபிராங்க் ஃபோர்ப்ஸ் லூயிஸுக்கு 8, வால்காட்டுக்கு 6, சமம் 1 என்றும், மார்ட்டி மன்றோ லூயிஸுக்கு 9, வால்காட்டுக்கு 6 என்றும் எழுதியிருந்தார்கள். இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் லூயிஸ் பட்டத்தைத் தக்கவைத்துக்கொண்டார். அரங்கம் கூச்சலிட்டது. வால்காட் தரப்பின் ஆட்சேபம் பலிக்கவில்லை.

இது திருட்டா என்று இன்றும் வாதம் நடக்கிறது. என் கருத்தில், நீதிபதிகளைவிட மதிப்பெண் முறையே வால்காட்டைத் தோற்கடித்தது. அன்றைய நியூயார்க்கில் தீர்ப்பு சுற்றுக் கணக்கில் அமைந்தது. ஒருவரை ஏழு எண்ணும் வரை தரையில் கிடத்திய சுற்றும், ஒரு ஜாபின் வித்தியாசத்தில் வென்ற சுற்றும் ஒரே எடைதான். சுற்றை வென்றவருக்கு 10, மற்றவருக்கு வழக்கமாக 9 தரும் இன்றைய பத்துப் புள்ளி முறையில், எதிராளியை ஒருமுறை வீழ்த்திய சுற்று வழக்கமாக 10-8 ஆகும். முதல் சுற்றையும் நான்காம் சுற்றையும் மூவரும் வால்காட்டுக்கே கொடுத்தார்கள் என்று வைத்துக்கொண்டு அதே அட்டைகளைப் புது முறையில் போட்டுப் பாருங்கள்: ஃபோர்ப்ஸின் அட்டை சமநிலைக்கு வரும், மன்றோவின் அட்டையில் லூயிஸ் ஒரே ஒரு புள்ளி முன்னே நிற்பார், கோல்ட்ஸ்டைன் அட்டையில் வால்காட் மூன்று புள்ளி முன்னே. மொத்தத்தில் போட்டி சமநிலை. வேடிக்கை என்னவென்றால் சமநிலை என்றாலும் பட்டம் சாம்பியனிடமே தங்கும். ஆக, எந்த முறையில் பார்த்தாலும் வால்காட்டுக்குப் பட்டம் இல்லை; புது முறையில்கூட ஒரு சுற்று குறைந்தது. அந்த ஒரு சுற்றைக் கடைசியில் ஓடித் தொலைத்தார் என்று சொல்பவர்களின் வாதத்தை என்னால் ஒதுக்க முடியவில்லை. சாம்பியனின் பட்டத்தை அவர் கையிலிருந்து பிடுங்க வேண்டும், அவர் தவறவிடுவார் என்று காத்திருக்கக் கூடாது என்ற எழுதாத விதி குத்துச்சண்டையில் இன்றும் இருக்கிறது. அது நியாயமற்றது. ஆனால் பெயர் இல்லாத சவாலாளியின் மூலையில் நிற்பவர்கள் அதை அறிந்திருக்க வேண்டும்.

அந்த இரவு வால்காட்டுக்குப் பட்டத்தைத் தரவில்லை, சந்தை மதிப்பைத் தந்தது. 1948 ஜூன் 25 அன்று யாங்கி ஸ்டேடியத்தில் மறுபோட்டி. மூன்றாவது சுற்றில் லூயிஸை மீண்டும் வீழ்த்தினார். பதினோராம் சுற்றில் லூயிஸ் அவரை நாக் அவுட் செய்தார். லூயிஸ் 1949இல் ஓய்வு பெற, காலியான பட்டத்துக்கு சிகாகோவில் எஸ்ஸார்ட் சார்ல்ஸோடு மோதி வால்காட் தோற்றார். 1950 நவம்பரில் ரெக்ஸ் லேனிடம் தோற்றார். 1951 மார்ச்சில் டெட்ராய்ட்டில் மறுபடி சார்ல்ஸிடம் தோற்றார். நான்கு பட்டப் போட்டி, நான்கும் தோல்வி. அதன் பிறகும் அதே ஆண்டு ஜூலையில் ஐந்தாவது வாய்ப்பு தரப்பட்டது ஏன்? மறுபடியும் அதே கணக்குதான்: சார்ல்ஸ் அடிக்கடி பட்டத்தைப் பணயம் வைத்து ஆடிய சாம்பியன், அவருக்கு ஆள் தேவை, தான் ஏற்கெனவே இரண்டு முறை தோற்கடித்த ஆளைவிடப் பத்திரமான ஆள் யார்?

1951 ஜூலை 18, பிட்ஸ்பர்க், ஃபோர்ப்ஸ் ஃபீல்ட். ஏழாம் சுற்றில் வால்காட்டின் இடது கை, பக்கவாட்டில் வளைந்து வரும் ஹூக்குக்கும் கீழிருந்து மேலே போகும் அப்பர்கட்டுக்கும் இடைப்பட்ட ஒரு கோணத்தில், கீழிருந்து எழும்பிச் சார்ல்ஸின் தாடையில் பட்டது. ஒரு வினாடி எதுவும் நடக்காததுபோல் இருந்துவிட்டு, சார்ல்ஸ் முகம் குப்புறச் சரிந்தார். மூன்று முறையும் இடைவிடாமல் வால்காட்டின் வலது கைக்குக் காவல் வைத்த ஒருவரை அவர் இடது கையால் முடித்தார் என்பது தற்செயல் அல்ல. ஒரே எதிராளியை இரண்டு முறை பதினைந்து சுற்று பார்த்த அனுபவம் எங்கே வேலை செய்தது என்பதை அந்தக் குத்து காட்டுகிறது. அதுவரை ஹெவிவெயிட் பட்டம் வென்றவர்களிலேயே மூத்தவர், 37 வயதான அவர்தான். அந்தச் சாதனை 1994 நவம்பரில் ஜார்ஜ் ஃபோர்மன் 45 வயதில் மைக்கேல் மூரரை வீழ்த்தும் வரை நின்றது. வால்காட் அதே ஆண்டு பிப்ரவரியில் காலமாகியிருந்தார்.

மற்ற உதாரணங்களையும் சுருக்கமாகத் தொட்டுவிடுகிறேன், ஏனென்றால் எல்லா எதிர்பாராத வாய்ப்பும் ஒரே வகை அல்ல. ஜேம்ஸ் பிராடாக் வால்காட்டுக்கு மிக நெருக்கமானவர்: துறைமுகக் கூலியாக இருந்தவர், 1934 ஜூனில் இரண்டே நாள் முன்னறிவிப்பில் கார்ன் கிரிஃபின் என்ற வளரும் வீரருக்கு இரையாக அழைக்கப்பட்டு அவரை வென்றார், பன்னிரண்டு மாதத்தில் மேக்ஸ் பேரிடமிருந்து பட்டத்தையே பறித்தார். உடைந்த வலது கையால் மூட்டை தூக்க முடியாமல் இடது கையால் தூக்கியதில் அவருடைய இடது கை பலப்பட்டது என்பார்கள். இங்கேயும் பழைய பட்டியல் அவருடைய புதிய உடம்பைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. சக் வெப்னர் வேறு வகை. 1975இல் 36 வயதில் முகமது அலியை எதிர்த்த அவர், மது விற்பனை வேலை பார்த்துக்கொண்டே சண்டை போட்டவர். அந்தப் போட்டிக்குத்தான் முதன்முறையாக முழுநேரப் பயிற்சி செய்தார். ஒன்பதாம் சுற்றில் அலி விழுந்தார், பதினைந்தாவது சுற்று முடிய 19 வினாடி இருக்கையில் வெப்னர் வீழ்ந்தார். மதிப்புக்குரிய ஆட்டம், ஆனாலும் அவர் வென்றிருக்கக்கூடிய போட்டி என்று அதை நான் சொல்ல மாட்டேன். ஆண்டி ரூயிஸ் மூத்தவரே அல்லர். 2019இல் ஊக்கமருந்துப் பரிசோதனையில் சிக்கிய ஜாரெல் மில்லரின் இடத்துக்கு வந்து சாம்பியன் அந்தோணி ஜோஷுவாவை ஏழாம் சுற்றில் முடித்தவர். அது காலியான இருக்கையால் கிடைத்த வாய்ப்பு.

ஆகவே அடுத்த முறை நாற்பதை நெருங்கும் ஒருவர் பட்டப் போட்டிக்கு அறிவிக்கப்படும்போது, வெற்றி தோல்வி எண்ணிக்கையைப் பார்ப்பதோடு நிற்க வேண்டாம். கடைசி மூன்று ஆண்டுகளில் யாரோடு மோதினார், தன்னைத் தோற்கடித்தவர்களைத் திரும்பச் சந்தித்தாரா, தோல்விகள் நாக் அவுட்டா புள்ளிக் கணக்கா, எத்தனை வாரம் அவகாசத்தில் ஒப்புக்கொண்டார், வேறு வேலை பார்த்துக்கொண்டா பயிற்சி செய்தார் என்பவற்றைப் பாருங்கள். வால்காட் 1947க்கு முன்பே இவற்றுக்கெல்லாம் விடை சொல்லியிருந்தார். படித்தவர்கள் குறைவு.

மூன்றாவது பகுதி, இது முறையா என்பது. இங்கே என் பதில் அவ்வளவு உறுதியானது இல்லை. 1952 செப்டம்பர் 23 அன்று பிலடெல்பியாவில் தன் பட்டத்தைக் காக்க ராக்கி மார்சியானோவை எதிர்த்தபோது வால்காட்டுக்கு 38 வயது. முதல் சுற்றில் மார்சியானோவை வாழ்க்கையில் முதன்முறையாகத் தரையில் வீழ்த்தினார். பன்னிரண்டு சுற்று முடிவில் மூன்று அட்டைகளிலும் முன்னிலையில் இருந்தார். பதின்மூன்றாம் சுற்றில் மார்சியானோவின் ஒரு குறுகிய வலது கைக் குத்தில் எல்லாம் முடிந்தது. அந்தக் குத்தை இன்று மறுபடி பார்க்கும் எவரும் உள்ளூர ஒரு முறை நடுங்காமல் இருக்க முடியாது. எட்டு மாதம் கழித்து சிகாகோவில் நடந்த மறுபோட்டி முதல் சுற்றிலேயே முடிந்தது. அந்தப் போட்டி நடந்திருக்கவே கூடாது என்பது என் கருத்து. வயது ஒரு காரணம். அதைவிட, அப்படியொரு நாக் அவுட்டுக்குப் பின் எட்டு மாதத்தில் அதே ஆளிடம் அனுப்புவது. இன்று பல ஆணையங்கள் மூத்த வீரர்களிடம் மூளை ஸ்கேன் உட்படக் கூடுதல் பரிசோதனைகளைக் கேட்கின்றன, நாக் அவுட்டுக்குப் பின் கட்டாய ஓய்வு விதிக்கின்றன. வயதை மட்டும் வைத்துத் தடுப்பதைவிட இதுவே சரியான வழி. வயதை மட்டும் வைத்துத் தடுத்திருந்தால் 1951இன் பிட்ஸ்பர்க் இரவு இருந்திருக்காது, 1994இல் ஃபோர்மனும் இருந்திருக்க மாட்டார். ஃபோர்மனின் போட்டிக்கு டபிள்யூபிஏ முதலில் அனுமதி மறுத்தது, அவர் நீதிமன்றத்துக்குப் போய்த்தான் அதைப் பெற்றார் என்பது பலருக்கு நினைவிருக்காது.

வால்காட் பிற்காலத்தில் கேம்டன் மாவட்டத்தின் ஷெரிஃபாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1975 முதல் 1984 வரை நியூஜெர்சி மாநிலக் குத்துச்சண்டை ஆணையத்தின் தலைவராகவும் இருந்தார். யாருக்கு உரிமம் கொடுப்பது, யாரை நிறுத்துவது என்று முடிவெடுக்கும் மேசைக்குப் பின்னால் அவர் அமர்ந்திருந்த காலத்தில்தான் அந்த மாநிலத்தின் அட்லாண்டிக் சிட்டி நாட்டின் பெரிய குத்துச்சண்டை நகரங்களில் ஒன்றாக வளர்ந்தது.